போர்வை வாங்கிய சனம்

அண்ணை என் வீட்டில் ஒருநாளும் இரண்டாம் தரம் சோறு கேட்டதில்லை. போட்டதைச் சாப்பிடுவார், போதும் என்பதற்குக் "காணும்" என்பார், எழும்பிப் போய்த் தட்டைக் கழுவி வைப்பார். கறி வாய்த்திருந்தாலும் காணும்தான், உப்பில்லாமல் போயிருந்தாலும் காணும்தான். இன்னும் கொஞ்சம் போடட்டா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன்.

அவர் லண்டனுக்கு வந்தபோது லூயிஷாமில் எனக்கு இருந்தது இரண்டு அறைக் கவுன்சில் வீடு. சின்ன அறையில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் எட்டிப் பார்த்தால் ஆள் ஜாக்கெட்டை நிலத்தில் விரித்துப் படுத்திருந்தார். கட்டில் ஆருக்கு வாங்கினது, பேய்க்கோ என்று நான் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் ஏறிப் படுத்தார். போர்வை மட்டும் கடைசிவரை மடித்தபடியே கால்மாட்டில் கிடந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். ஜெர்மனியில் பல வருடம் இருந்து, கணவரை அங்கேயே பறிகொடுத்து, மகளின் படிப்புக்காக லண்டன் வந்து, டிரைகிளீனிங் கடையொன்றின் பின்னால் காற்சட்டை மடித்துத் தைத்துக் காலம் தள்ளியவள் நான். மகளும் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். வாயும் இல்லாவிட்டால் என்ன செய்வது. அண்ணை எனக்கு நேர் எதிர். வன்னியில் உழவு மெசின் ஓட்டியவர், போரின் கடைசி நாட்களில் அண்ணியைப் பறிகொடுத்தவர், முகாமில் இருந்தவர். அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. வாய் நீண்டவள்தான், ஆனால் சில இடங்களில் எனக்கும் வாய் வராது.

இங்கே வந்து சில வருடங்களில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஏன் என்று டாக்குத்தருக்கே சரியாகத் தெரியவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். மெசின் காலம் முழுக்கக் காப்பாற்றாது, இதயம் களைத்துப்போகும், வேறு சிறுநீரகம் வைத்தால் நல்லது என்றும் சொன்னார்கள். நான் என்னுடையதைத் தருகிறேன் என்றேன். மாதக்கணக்காகச் சோதித்தார்கள். பொருந்தியது. டாக்குத்தர் பெண் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.

அண்ணை வேண்டாம் என்றார்.

நான் எழுத வந்தது முழுக்க அவ்வளவுதான். என்னிடம் இருந்தது, அவருக்குத் தேவைப்பட்டது, அவர் வாங்கமாட்டேன் என்றார். அழுதேன், ஏசினேன், ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். அவருக்கு நான் பேசாமல் இருந்தது ஆறுதலாக இருந்திருக்கும்.

மெசினுக்கு அவர் போய்வருவதைப் பார்ப்பதே ஒரு தண்டனை. ஆஸ்பத்திரி அனுப்புகிற கார் வேண்டாம், பஸ்தான். மழையில் நனைந்து போய் அந்தப் பெரிய நாற்காலியில் சாய்வார். கையில் இரண்டு ஊசி ஏற்றுவார்கள். ரத்தம் வெளியே போய் மெசினைச் சுற்றித் திரும்பி வரும்போது உடம்பு குளிரத் தொடங்கும். எல்லாரும் வார்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார்கள். அண்ணை ஜாக்கெட்டின் சிப்பை ஏற்றிக்கொண்டு பல்லைக் கடிப்பார். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். தலையை ஆட்டி வேண்டாம் என்பார். அவருக்கு ஆங்கிலம் குறைவு என்பதால் கடையில் லீவு கிடைத்த நாட்களில் நானும் கூடப் போய் இருப்பேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் மெக்சிக்கோக்காரர். சக்காத்தேக்காஸ் என்ற ஊர்ப்பக்கம். கல்லூரியொன்றில் ஸ்பானிய மொழி படிப்பித்தவர், சிறுநீரக வருத்தம் வந்த பிறகு அரைநேர வேலை. குள்ளமாக, கறுத்து, நரைத்த தலையோடு, டூட்டிங்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற எங்கள் ஆள் ஒருவரைப்போலவே இருப்பார். முதல் நாள் அவரிடம் தமிழில் பேசி அசடு வழிந்தவள் நான்தான்.

ஒருநாள் அவர் போனில் தன் ஊர்ப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். வெட்டவெளி, சிவந்த மண், முள். அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நாகதாளியெல்லே," என்றார்.

நாகதாளிதான். தமிழ்நாட்டில் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முள்ளைத் தேய்த்துவிட்டு அந்தப் பழத்தைத் தின்று, வாயெல்லாம் சிவந்து, வீட்டில் அடிவாங்கியிருக்கிறோம். அதைச் சொன்னதும் மெக்சிக்கோக்காரர் சிரித்தார். அது அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனதாம். அவருடைய சனத்துக்கு அதுதான் சாப்பாடாம். அன்றைக்கு அவர் சொல்ல நான் அண்ணைக்குத் தமிழில் சொல்ல என்று தொடங்கியது, பிறகு ஒவ்வொரு தடவையும் நடந்தது. அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது எங்கள் பேச்சிலேதான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"என்ரை அம்மாவின்ரை ஆக்கள் சக்காத்தேக்கோ," என்றார். "பக்கத்திலை குவாச்சிச்சில் எண்டு இன்னொரு சனம். தலைக்குச் சிவப்புப் பூசுவினம். எல்லாரையும் சேத்துச் சிச்சிமேக்கா எண்டு கூப்பிட்டாங்கள். அது மற்றவன் வைச்ச பேர், மரியாதையான பேர் இல்லை. எங்களுக்கு நாங்கள் என்ன பேர் வைச்சிருந்தம் எண்டு எனக்குத் தெரியாது. பாஷையும் தெரியாது. எங்கடை சனத்தை அழிச்சவன்ரை பாஷையைப் படிப்பிச்சுத்தான் நான் சம்பளம் வாங்குறன்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மெசின் எழுப்பிய சத்தத்தை நிறுத்துவதற்கு நர்ஸ் வந்தாள். அவள் போகும்வரை பொறுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

அவர்களுடைய மலையில் ஸ்பானியர் வெள்ளி கண்டெடுத்தார்கள். வெள்ளியை ஏற்றிப் போக அந்த நிலத்துக்கு நடுவால் வண்டிப் பாதை போட்டார்கள். வீடு கட்டி ஓரிடத்தில் இருக்காத சனம், வேட்டையாடி, நாகதாளிப் பழமும் முள்மரக் காயை இடித்துச் சுட்ட அப்பமும் சாப்பிட்ட சனம். துணிகூட அதிகம் கட்டாதவர்கள். வில்லோடு வந்து வண்டிகளை மறித்தார்கள். அவர்களுடைய மெல்லிய அம்பு, இரும்பு வளையம் கோத்த சட்டையையும் துளைத்துப் போகுமாம். ஸ்பானியர் பாதை ஓரமாகக் கோட்டை கட்டினார்கள், பிடிபட்டவர்களை அடிமையாக விற்றார்கள், ஊரோடு கொன்றார்கள். நாற்பது வருடம் அளவில் சண்டை நடந்தது. அடக்க முடியவில்லை.

அண்ணை இவ்வளவு கவனமாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "எந்த மாதிரி வில்லாம்? கேட்டியே?" என்று என்னைப் போட்டு வாட்டுவார். நான் வேலைக்குப் போனால் அவருக்குக் கதை தவறிவிடும் என்பதால் நான் கடையில் பொய்க் காரணம் சொல்லி லீவு எடுக்கத் தொடங்கினேன். மனிதர் ஏதோ ஒன்றில் ஆசைப்படுகிறாரே என்று எனக்குச் சந்தோசம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை.

"பிறகு எப்பிடித் தோத்தினம்?" என்று ஒருநாள் அண்ணை கேட்டார்.

"தோக்கேல்லை," என்றார் மெக்சிக்கோக்காரர். "சண்டையாலை ஏலாது எண்டு கண்டு, புதுசா வந்த அதிகாரி சாமான் குடுக்கத் தொடங்கினான். சோளம், இறைச்சி, உடுப்பு, போர்வை, செருப்பு, சட்டி பானை, கலப்பை. மலையாலை இறங்கி வா, வந்து இரு, எல்லாம் தாறம் எண்டான். தெற்கிலையிருந்து வேறை சனத்தையும் கொண்டு வந்து பக்கத்திலை குடியேத்தினாங்கள், இவையைப் பாத்துப் பழகுங்கோ எண்டு. கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்தினம். வாங்கிச்சினம்."

"வாங்கின பிறகு?"

"கொஞ்சக் காலத்திலை பாஷை போச்சு. பேர் போச்சு. கலந்து போச்சினம். தோக்காமலே இல்லாமப் போச்சினம்."

நான் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணை மெசினைப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்.

"பாத்தியே. அந்தியேட்டிச் சாமான்."

எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கடமை அந்தியேட்டி. போகிற வழிக்கு வேண்டும் என்று பாய், போர்வை, செருப்பு, குடை, பாத்திரம், அரிசி, காய்கறி எல்லாம் வாங்கி ஐயருக்குத் தானம் கொடுப்போம். என் கணவருக்கு நான் கொடுத்தேன். அண்ணை சொன்னதும் எனக்கும் அப்படியே பட்டது. உயிரோடு இருந்த ஒரு சனத்துக்கு அந்தியேட்டி செய்து முடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு டாக்குத்தர் பெண் வந்து மறுபடி கேட்டாள். முடிவு என்ன, தங்கையுடையது காத்திருக்கிறதே என்றாள். அண்ணை என்னைப் பார்த்தார்.

"சொல்லு அவவுக்கு. நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கேல்லை, வாங்கவும் மாட்டன்."

எனக்கு அப்போது பொல்லாத கோபம் வந்தது. நூற்றாண்டுகளுக்கு முந்திச் செத்தவர்கள் வில்லும் அம்புமாக வந்து என் அண்ணையின் நாற்காலிக்கு முன்னால் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். மெக்சிக்கோக்காரர் மெசின் முடிந்து, உடை மாற்றி, நடைபாதையில் வரும்வரை காத்து நின்றேன்.

"உங்கடை சனம் செத்துப் போச்சு," என்றேன். "என்ரை அண்ணை இன்னும் சாகேல்லை. இனி அந்தக் கதையை அவருக்குச் சொல்லாதையுங்கோ."

நான் சிறுநீரக விசயத்தைச் சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். மெசினிலிருந்து எழும்பினால் கொஞ்ச நேரத்துக்குத் தலை சுற்றும், அதைக்கூட யோசிக்காமல் மறித்து வைத்துக் கத்திவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் அதைக் காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்தமுறை போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். அவருக்கு நடு இரவில் அழைப்பு வந்ததாம், செத்துப்போன ஒருவருடைய சிறுநீரகம் கிடைத்துவிட்டதாம் என்று நர்ஸ் சொன்னாள். அண்ணை நல்லது என்றார். அதற்குப் பிறகு பக்கத்தில் பேச ஆளில்லாமல் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தார். முகம் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாது. குளிர்காலம் முடியும்போது மாடிப்படி ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். வாங்கமாட்டேன் என்ற பேச்சில் மட்டும் மாற்றம் இல்லை. நான் தனியே இருந்து அழப் பழகினேன்.

வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டுப்பட்டது. மெக்சிக்கோக்காரர். முகத்தில் களை வந்திருந்தது, பத்து வயது குறைந்திருந்தார். ஆனால் நான் முகத்தைப் பார்த்தது பிறகுதான். முதலில் பார்த்தது கையை. ஒரு கையில் பெரிய கறுப்புக் குடை. மற்றக் கைப் பையில் ஒரு கம்பளிப் போர்வை, ஒரு சோடிச் செருப்பு, மூடி போட்ட பாத்திரம். கால்மாட்டில் வெள்ளை அரிசி மூட்டை.

அந்தியேட்டிச் சாமான் முழுவதும் என் வாசலில் நின்றது. சின்ன அறைக்குள் அண்ணை உயிரோடு படுத்திருக்கிறார்.

எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பையையும் மூட்டையையும் பறித்து வெளியே பல்கனியில் எறியாத குறையாக வைத்தேன். குடையையும் பிடுங்கி அவற்றோடு போட்டேன். உள்ளே ஓடி மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து வாசற்படியில் தெளித்தேன். பாவம் மனிதர், அது எங்கள் வரவேற்பு முறை என்று நினைத்துவிட்டார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, தலையை என் முன்னால் குனிந்தார். நான் என்ன செய்ய. அவருடைய நரைத்த தலையிலும் கொஞ்சம் தெளித்தேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அண்ணை அறைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். லண்டனில் அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல்.

"என்னத்துக்குத் தெளிக்கிறாய் எண்டு அவருக்குச் சொல்லு," என்றார்.

வெட்கத்தைவிட்டுச் சொன்னேன். மெக்சிக்கோக்காரர் முகம் வெளிறியது. மழையில் நனைந்து வருகிறவருக்குக் குடை, வீங்கின காலுக்கு அகலச் செருப்பு, குளிருக்கு ஊரிலிருந்து வரவழைத்த போர்வை, அந்த வருத்தத்துக்கு ஒத்துக்கொள்கிற வெள்ளை அரிசி, அதைச் சமைக்கப் பாத்திரம். பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துப் பார்த்து யோசித்து வாங்கியது. திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று பல்கனிப் பக்கம் திரும்பினார்.

"இருங்கோ," என்றார் அண்ணை. அது மொழிபெயர்க்காமலே அவருக்கு விளங்கியது.

அண்ணை பல்கனிக்குப் போய்ச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் சொல்லத் தயாராக நின்றேன்.

"என்ரை மனிசி செத்தது சண்டையின்ரை கடைசியிலை. பங்கருக்குள்ளையே மண்ணைத் தள்ளிப்போட்டு வந்தன். கொள்ளி இல்லை, எட்டாம் நாள் செலவு இல்லை. பிறகு முகாமிலை ஒருநாள் லொறி வந்துது. எல்லாருக்கும் சாமான் குடுத்தாங்கள். பாய், போர்வை, செருப்பு, சட்டி, அரிசி, பருப்பு. நானும் வரிசையிலை நிண்டு கையை நீட்டி வாங்கினன். வாங்கிப்போட்டு நாளை எண்ணிப் பாத்தன். அவளின்ரை முப்பத்தொண்டு."

நான் மொழிபெயர்க்கவில்லை. நானே அதைக் கேட்பது முதல் தடவை.

"அப்பிடியே கொண்டுபோய்ப் பக்கத்துக் கொட்டில் கிழவனிட்டைக் குடுத்தன். அந்தாள் ஐயரில்லை. ஆனா ரெண்டு கையாலையும் வாங்கிச்சு. நான் மண்ணிலை படுத்தன். அண்டையிலையிருந்து ஆர் என்ன தந்தாலும் எனக்கு அது அவளின்ரை சாமானாத்தான் தெரியுது. செத்தவளின்ரையை நான் எப்பிடிப் போடுறது?" பல்கனியைத் திரும்பிப் பார்த்தார். "அண்டைக்குக் குடை மட்டும் குறைஞ்சுது. குடை குடுக்கேல்லை அவங்கள். அவள் மழையிலை போறாள் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தன்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையெல்லாம் சொன்னேன். குடையிடம் வந்தபோது என்னால் முடியவில்லை. கையால் குடையைக் காட்டினேன். மெக்சிக்கோக்காரர் தலையாட்டினார்.

பிறகு அவர் பேசினார். "நான் ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டன். இது புத்தகத்திலை இல்லை, என்ரை யோசனை. மலையிலையே நிண்டு ஒண்டும் வாங்காமச் செத்த ஆக்களும் இருந்திருப்பினம். அவை பெரிய ஆக்கள். ஆனா அவையின்ரை பேரப்பிள்ளை எண்டு சொல்ல இண்டைக்கு ஒருத்தரும் இல்லை. நான் போர்வை வாங்கின ஆக்களின்ரை பிள்ளை. அவை வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான் வாங்கியிருப்பினம். வாங்கினபடியாத்தான் அவை சண்டை பிடிச்சதைச் சொல்ல நான் இருக்கிறன்." தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டார். "இதையும் வாங்கினன். ஆருடையது எண்டு எனக்குத் தெரியாது. இந்த நாட்டிலை செத்த ஆரோ. வாங்கின பிறகும் நான் நான்தான், இன்னும் சக்காத்தேக்கோதான்."

அண்ணை என்னைத் தேத்தண்ணி போடச் சொன்னார். மெக்சிக்கோக்காரர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அண்ணை வெளிக்கிட்டு நின்றார். கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். லூயிஷாம் கோயிலுக்கு நடந்துதான் போனோம், நின்று நின்று. மழை பெய்தது. கையில் குடையை வைத்துக்கொண்டு அதை விரிக்காமல் வந்தார். விரியுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். ஐயரிடம் அண்ணியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். ஐயர் அதிகம் கேட்கவில்லை. மந்திரம் சொல்லி, குடையை வாங்கிக்கொண்டார். அண்ணை சுவரோடு சாய்ந்து முகத்தை மூடி அழுதார். இத்தனை வருடத்து அழுகை. நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அண்ணிக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் தெப்பமாக நனைந்துவிட்டோம். வீட்டுக்குள் வந்ததும் அவர் நேரே பல்கனிக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த அகலச் செருப்புக்குள் காலை நுழைத்தார். போர்வையை உதறித் தோளில் போட்டார். சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட முரட்டுக் கம்பளி.

"அவளின்ரை முடிஞ்சுது," என்றார். "மிச்சம் என்ரை."

நான் வாயைத் திறக்கப் பயந்து நின்றேன்.

"உந்த டாக்குத்தர் பிள்ளைக்கு போன் அடிச்சுச் சொல்லு. உன்ரையைத் தா, வாங்குறன்."

சத்திரசிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எனக்கு நொந்தது, அவருக்கும் நொந்தது. விழித்ததும் நான் கேட்டது ஒரே கேள்வி. அண்ணைக்குச் சிறுநீர் போகிறதா? குழாய் வழியாக வாளிக்கணக்கில் போகிறது என்று நர்ஸ் சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அவருடைய வார்டுக்குப் போனேன். சக்காத்தேக்காஸ் போர்வைக்குள் கழுத்துவரை போயிருந்தார். வாயைத் திறந்து நல்ல நித்திரை. நான் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து சில கிழமை கழித்து மெக்சிக்கோக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். பல்கனி மூலையில் நனையாமல் கிடந்த அரிசி மூட்டையை நான்தான் உள்ளே கொண்டுவந்தேன். தானச் சாமானை வீட்டில் சமைக்கிறதா என்று மனம் ஒருக்கால் உதைத்தது. பிறகு அதே மூடி போட்ட பாத்திரத்தில் உலை வைத்தேன். கத்தரிக்காயும் பருப்பும் மீனும். மூன்று பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். அவர் எங்களைப் பார்த்துக் கையால் சாப்பிடப் பழகினார். பேச்சு நாகதாளிப் பழத்தைச் சுற்றியே போனது.

அண்ணை தட்டைத் துடைத்து முடித்தார். நான் பழக்கத்தில் எழும்பினேன், இனி "காணும்" என்பார், தட்டைக் கழுவப் போவார் என்று. அவர் எழும்பவில்லை. தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு," என்றார்.